"பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்பது சரியா?



இம்மாதம் நீரிழிவைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதை அடுத்த மாதத்திற்குத் தள்ளி வைத்திருக்கிறேன். பன்விலயிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதந்தான் அதற்குக் காரணம். பெயரையும் வீட்டு விபரங்களையும் நீக்கிவிட்டு அதை இங்கே தருகிறேன். படித்துப் பாருங்கள்.

"எனக்கு 31 வயது. வயிற்றில் இருப்பது மூன்றாவது பிள்ளை. ஐந்தாம் மாதம் நடக்கிறது. குளிக்கும்போது இடது மார்பில், அக்குள் பக்கமாக ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. ஒரு கொட்டைப் பாக்கு அளவு இருக்கும். வலி இல்லை. ஒன்றரை மாதமாகியும் கரையவில்லை. மாமியிடம் சொன்னேன். பால் ஊறிக் கட்டியிருக்கிறது, பிள்ளை குடித்தால் கரைந்துவிடும் என்கிறார். இவர் வெளிநாட்டில் இருக்கிறார், அவரிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எக்ஸ்ரே எடுப்பார்கள், அது பிள்ளைக்குக் கூடாது என்று பக்கத்து வீட்டு ராத்தா சொல்கிறார். பொல்லாத கட்டியாக இருந்தால் பிள்ளையை அழிக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பிள்ளை பிறந்து நாற்பதும் கழியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்கிறேன். இது சரியா?"

கடிதம் கிடைத்த அன்றே அந்தச் சகோதரிக்குத் தனியாகப் பதில் எழுதி அனுப்பிவிட்டேன். பதிலின் முதல் வரி இதுதான்: "இல்லை, சகோதரி. இது சரியில்லை. இந்த வாரமே காட்டுங்கள்."

அந்தப் பதிலில் எழுதியவற்றைச் சற்று விரிவாக உங்கள் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், அவரைப் போலவே யாருக்கும் சொல்லாமல் ஒரு கட்டியோடு கிளினிக்குக்கு வந்துபோகும் கர்ப்பிணிகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கலாம்.

முதலில் ஆறுதலான செய்தி

கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் மார்பில் தென்படும் கட்டிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் புற்றுநோய் அல்ல. பால் தேங்கி உண்டாகும் கட்டியாக இருக்கலாம். இளம் பெண்களுக்கு வரும் நார்க்கட்டி, கர்ப்பத்தில் சற்றுப் பெருத்துக் கையில் தட்டுப்படலாம். கிருமி தொற்றி வீங்கியிருக்கலாம். ஆகவே அந்தச் சகோதரியின் மாமி சொன்னது முற்றாகத் தவறு என்று சொல்வதற்கில்லை. பெரும்பாலான நேரங்களில் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் மீதி 20 சதவீதம் இருக்கிறதே! அதில் எது எது என்பதை மாமியும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. கையால் தொட்டுப் பார்க்கும் வைத்தியராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பரிசோதித்தால்தான் தெரியும்.

சுமார் 3000 கர்ப்பங்களில் ஒன்றில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இது அபூர்வமானதுதான். ஆனால் நம் நாட்டுப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. இக்காலத்தில் பல பெண்கள் 30 வயதைத் தாண்டிய பிறகும் பிள்ளை பெறுகிறார்கள். வயது ஏற ஏற இந்நோயின் வாய்ப்பும் கூடுகிறது என்பதால், கர்ப்பமும் நோயும் ஒன்றாகச் சந்திக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

ஏன் தாமதமாகிறது?

கர்ப்பம் தரித்த சில வாரங்களிலேயே மார்பு மாறத் தொடங்கிவிடுகிறது. பால் சுரப்பிகள் பெருகுகின்றன, இரத்த ஓட்டம் கூடுகிறது, மார்பு கனத்து இறுகுகிறது. பிரசவம் நெருங்கும்போது மார்பின் எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். இந்தப் பெருக்கத்துக்குள் ஒரு சிறு கட்டி ஒளிந்துகொள்வது எளிது. தெரிந்தாலும் "இது கர்ப்பத்தால் வந்தது" என்று வீட்டார் நினைக்கிறார்கள். சில சமயம் வைத்தியர்களும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள். இதனால் நோயை அறிவதில் ஒன்றிரண்டு மாதங்களாவது பிந்திவிடுவது உலகெங்கும் காணப்படும் விடயம்.

அந்தச் சகோதரியின் கணக்கையே பாருங்கள். ஒன்றரை மாதம் ஏற்கனவே போய்விட்டது. பிரசவத்திற்கு இன்னும் நான்கு மாதத்திற்கு மேல் இருக்கிறது. அதன்பின் நாற்பது நாட்கள். எல்லாவற்றையும் கூட்டினால் ஏழு மாதங்கள்! பால் கட்டி என்றால் ஏழு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது. மற்றதாக இருந்தால்?

இந்தக் கட்டியின் குணம் என்ன?

கர்ப்பிணிகளுக்கு வரும் மார்பகப் புற்றுநோயும் மற்றப் பெண்களுக்கு வருவதைப் போலப் பெரும்பாலும் பால் குழாய்களில் தொடங்கிச் சுற்றுத் தசைக்குள் இறங்குவதுதான். என்றாலும் சில குணங்கள் இதில் கூடுதலாகக் காணப்படுகின்றன. வைத்தியசாலையில் தரும் அறிக்கையில் இவை எழுதப்பட்டிருக்கும் என்பதால் ஒவ்வொன்றாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1. அளவு. கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் கட்டி பெரும்பாலும் பெரிதாகவே இருக்கிறது. பிந்திக் கண்டுபிடிப்பது இதற்கு ஒரு முக்கிய காரணம்.

2. அக்குள் நெறி. நோய் மார்பை விட்டு வெளியேறும்போது முதலில் தங்குமிடம் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள். கர்ப்பிணிகளிடம் இந்த முடிச்சுகளிலும் நோய் காணப்படுவது அதிகம்.

3. தரம். புற்றுநோய்க் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து 1, 2, 3 என்று தரம் பிரிப்பார்கள். இங்கே 3 என்பது நல்ல தரம் அல்ல! சாதாரணக் கலங்களிலிருந்து மிகவும் மாறுபட்டு, விரைவாகப் பெருகுபவைதான் 3ஆம் தரம். கர்ப்பிணிகளின் கட்டிகளில் இந்தத் தரமே கூடுதலாகக் காணப்படுகிறது.

4. ஹோர்மோன் ஏற்பிகள். சில புற்றுநோய்க் கலங்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் ஆகிய ஹோர்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கும். ஒரு பூட்டில் சாவி பொருந்துவதைப் போல ஹோர்மோன் வந்து அதில் பொருந்தினால் கட்டி வளரும். இத்தகைய கட்டிக்குத் தமொக்சிபன் போன்ற மாத்திரைகளால் அந்தப் பூட்டை அடைத்துவிடலாம். கர்ப்பிணிகளின் கட்டிகளில் இந்த ஏற்பிகள் இல்லாதவை அதிகம். அதாவது, அந்த மாத்திரைகள் அவற்றில் வேலை செய்யமாட்டா.

5. ஹேர்2. இது கலத்தின் மேற்புறத்திலுள்ள ஒரு புரதம். இது அளவுக்கு மீறியிருந்தால் கட்டி வேகமாக வளரும். இதற்குத் தனி மருந்து உண்டு. ஆனால் அம்மருந்து குழந்தையைச் சுற்றியுள்ள நீரைக் குறைத்துவிடுவதால் பிரசவத்திற்குப் பின்னரே தரப்படும். மேலே சொன்ன இரண்டு ஹோர்மோன் ஏற்பிகளும் இந்தப் புரதமும் ஆகிய மூன்றுமே இல்லாத கட்டிகளும் உண்டு. அவற்றுக்கு முக்கிய ஆயுதம் கீமோதெரபிதான்.

இவற்றைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. இத்தகைய கட்டி காத்திருக்காது என்பதைச் சொல்லவே. நாம் நாற்பது முடியட்டும் என்று காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

கர்ப்பந்தான் நோயை மோசமாக்குகிறதா?

ஒரு காலத்தில் வைத்தியர்களே அப்படித்தான் நம்பினார்கள். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஹாகென்சன், ஸ்டவுட் என்னும் இரு வைத்தியர்கள், கர்ப்ப காலத்தில் வரும் மார்பகப் புற்றுநோயைச் சத்திர சிகிச்சையால் பயனில்லாத நிலைகளில் ஒன்றாக வகுத்தார்கள். எத்தனை தாய்மார் அந்தக் காலத்தில் நம்பிக்கை இழந்திருப்பார்கள்! அந்தக் கருத்து பிற்பாடு கைவிடப்பட்டது.

2013ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் லூவன் நகரத்து வைத்தியர் ஃபிரெடெரிக் அமாந்தும் வேறு நாட்டு வைத்தியர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் மார்பகப் புற்றுநோய் கண்ட 311 பெண்களையும், கர்ப்பமில்லாத வேளையில் அந்நோய் கண்ட 865 பெண்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். வயதையும் நோயின் நிலையையும் கட்டியின் குணங்களையும் கணக்கிலெடுத்துப் பார்த்தபோது, இரு சாராரும் உயிர் பிழைத்ததில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. மேலே சொன்ன கடுமையான குணங்கள் பலவும் கர்ப்பமில்லாத இளம் பெண்களின் கட்டிகளிலும் காணப்படுபவையே. ஆக, வயிற்றிலிருக்கும் பிள்ளை தாய்க்கு எதிரி அல்ல. தாமதந்தான் எதிரி.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். பிரசவத்திற்குப் பின் வரும் சில ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்படும் மார்பகப் புற்றுநோய் வேறிடங்களுக்குப் பரவும் தன்மை கூடியது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பால் கொடுத்து முடிந்ததும் மார்பு பழைய நிலைக்குச் சுருங்குகிறது. அவ்வேளையில் அங்கே நடக்கும் மாற்றங்கள் ஒரு காயம் ஆறும்போது நடப்பவற்றை ஒத்தவை என்றும், அது புற்றுநோய்க் கலங்களுக்கு வசதியாகிவிடுகிறது என்றும் ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே கைப்பிள்ளைக்காரிகளும் "பால் கட்டு" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. அதற்காகப் பால் கொடுக்கப் பயப்பட வேண்டாம். நீண்ட காலம் பால் கொடுப்பது இந்நோயின் வாய்ப்பைக் குறைக்கவே செய்கிறது.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு வாரத்திற்கு மேல் கரையாத எந்தக் கட்டியும், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்டப்பட வேண்டும். வலியில்லாத கட்டி ஆபத்தில்லாதது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

தோலில் குழி விழுதல், முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுபடுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் கட்டி ஆகியவையும் கவனிக்கப்பட வேண்டியவை. மார்பு சிவந்து வீங்கி, கிருமிக்கு மருந்து எடுத்தும் குணமாகவில்லை என்றால் மறுபடியும் வைத்தியரிடம் போங்கள். "மருந்து முடிந்தது, வீக்கம் வற்றவில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பரிசோதனை பிள்ளைக்குக் கூடாதா?

பக்கத்து வீட்டு ராத்தாவின் பயத்திற்கு இது பதில். கர்ப்பிணிக்கு முதலில் செய்வது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். வயிற்றிலுள்ள பிள்ளையைப் பார்க்கக் கிளினிக்கில் செய்கிறார்களே, அதே வகைதான். அதில் எக்ஸ்ரே கதிரே கிடையாது. தேவைப்பட்டால் வயிற்றை ஈயக் கவசத்தால் மூடிக்கொண்டு மெமோகிராம் எடுக்கலாம். பிள்ளையை எட்டும் கதிர் மிக மிகச் சொற்பமே.

சந்தேகம் இருந்தால், அந்த இடத்தை மரக்கச் செய்து, ஊசியால் கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பரிசோதிப்பார்கள். இதுதான் பயொப்ஸி. கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் இதைச் செய்யலாம். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்பது வெறும் பேச்சு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் கர்ப்பிணி அல்லது பால் கொடுப்பவர் என்பது அந்தப் பரிசோதனைக் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் மார்புக் கலங்கள் இயல்பாகவே மாறியிருக்கும். அது தெரியாமல் பார்த்தால் முடிவு சொல்வதில் குழப்பம் ஏற்படக்கூடும்.

பிள்ளையை இழக்க வேண்டுமா?

அந்தச் சகோதரியின் பெரிய பயம் இதுதான். உங்களில் பலருக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

கர்ப்பத்தைக் கலைப்பதால் தாயின் நோய் குணமாவதோ அவருடைய ஆயுள் கூடுவதோ நிரூபிக்கப்படவில்லை. பெரும்பாலான தாய்மாருக்குப் பிள்ளையைச் சுமந்துகொண்டே சிகிச்சை பெற வழி இருக்கிறது. சத்திர சிகிச்சையைக் கர்ப்பத்தின் எந்தக் கட்டத்திலும் செய்யலாம். கீமோதெரபியை முதல் மூன்று மாதங்களில் கொடுக்கமாட்டார்கள். பிள்ளையின் அவயவங்கள் உருவாகும் காலம் அது. நான்காம் மாதத்திலிருந்து அதற்கென்று தெரிந்தெடுத்த மருந்துகளைக் கொடுக்கலாம். பிரசவத்திற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன் நிறுத்திவிடுவார்கள். கதிர் சிகிச்சையையும் ஹோர்மோன் மாத்திரைகளையும் பிரசவத்திற்குப் பின் வைத்துக்கொள்வார்கள்.

இப்படிச் சிகிச்சை பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள்? 2015ஆம் ஆண்டில் அமாந்தின் குழுவினர் இதையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். தாய் புற்றுநோயோடு இருந்தபோது வயிற்றிலிருந்த 129 பிள்ளைகளை, அதே வயதுள்ள வேறு 129 பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். முதலாவது தொகுதியில் 96 பிள்ளைகளின் தாய்மார் கர்ப்பத்திலேயே கீமோதெரபி பெற்றவர்கள். அறிவு வளர்ச்சியிலும் இருதயத்திலும் பொதுவான வளர்ச்சியிலும் இரு தொகுதிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியே, இரு தொகுதியிலும், சற்றுப் பின்தங்கியிருந்தது. எனவே அவசரப்பட்டுப் பிள்ளையை முன்கூட்டியே எடுத்துவிடுவதை விட, இயன்றவரை மாதம் நிறைய விடுவதே நல்லது என்று வைத்தியர்கள் இப்போது கருதுகிறார்கள்.

அந்தச் சகோதரி இருப்பது ஐந்தாம் மாதத்தில். அதாவது, சிகிச்சைக்குக் கதவு திறந்திருக்கும் காலத்தில்.

கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே கடுமையான நோய் கண்டுபிடிக்கப்பட்டால் முடிவு சிக்கலாகலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்படியான நிலையில் புற்றுநோய் நிபுணர், மகப்பேற்று நிபுணர் இருவரிடமும் கேட்டறிந்து, மார்க்கம் அறிந்த ஒருவரிடமும் ஆலோசித்து முடிவெடுங்கள். ஆனால் அப்படி ஒரு முடிவு கேட்கப்படுமோ என்ற பயத்தில் நோயையே காட்டாமல் இருக்காதீர்கள்.

கீமோதெரபி எடுக்கும் நாட்களில் தாய்ப்பால் கொடுக்க முடியாது. அது பல தாய்மாரின் மனதை உடைத்துவிடுகிறது. "பிள்ளைக்குப் பால்கூடக் கொடுக்காதவள்" என்று அவரை யாரும் பேசக் கூடாது. நோயாளிக்கு நோன்பிலேயே சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. பிள்ளைக்குப் பாலை வேறு வழியில் கொடுக்கலாம். உம்மாவை வேறு வழியில் கொடுக்க முடியாது.

எங்கே போவது?

பன்விலயிலோ ஹுலுகங்கையிலோ மடுல்கலையிலோ இருப்பவர்கள் நேரே கண்டிக்கு ஓடவேண்டும் என்றில்லை. வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் இன்றே சொல்லுங்கள். அடுத்த கர்ப்பிணி கிளினிக்கில் வைத்தியரிடம் "மார்பில் கட்டி இருக்கிறது, பாருங்கள்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள். கிளினிக்குக்கு நாள் அதிகம் இருந்தால் அதற்காகவும் காத்திருக்க வேண்டாம். கடிதம் வாங்கிக்கொண்டு வத்தேகம வழியாகப் பஸ் ஏறினால் கண்டி தேசிய வைத்தியசாலை இருக்கிறது. சத்திர சிகிச்சைப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் மகப்பேற்றுப் பிரிவும் அங்கே உள்ளன. தேவையென்றால் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

கர்ப்பமில்லாத, 35 வயது கடந்த சகோதரிகளுக்காக 1996ஆம் ஆண்டு முதல் சுவநாரி கிளினிக்குகள் நடக்கின்றன. அங்கே மார்பையும் பரிசோதிப்பார்கள். உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண் வைத்தியரிடம் எப்படிக் காட்டுவது என்ற தயக்கம் நமக்கு உண்டு. பெண் வைத்தியர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உம்மாவையோ மதினியையோ துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். தேவை என்று வரும்போது வைத்தியருக்குக் காட்ட மார்க்கம் அனுமதிக்கிறது. வெட்கம் நல்ல குணந்தான். உயிருக்கு அது தடையாகிவிடக் கூடாது.

மாமிமார்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுபவசாலிகள். மருமகள் முதலில் உங்களிடந்தான் சொல்வாள். "அது பால்தான்" என்று முடித்துவிடாதீர்கள். "பாலாகத்தான் இருக்கும், எதற்கும் காட்டிவிட்டு வருவோம், நானும் வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வெளிநாட்டிலிருக்கும் கணவர்மாருக்கும் மறைக்க வேண்டாம். தெரியாமல் இருப்பது அவருக்கு நிம்மதி அல்ல.

இந்தப் பக்கம் அச்சுக்குப் போகுமுன் அந்தச் சகோதரியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. கிளினிக்கில் சொன்னாராம், கண்டிக்கு அனுப்பினார்களாம். மாமிதான் கூடப் போனாராம். ஸ்கேன் எடுத்து, ஊசியால் துண்டும் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. "வயிற்றில் பிள்ளை நன்றாக அசைகிறது, துஆச் செய்யுங்கள்" என்று எழுதியிருக்கிறார்.

அந்த முடிவு எதுவாக வந்தாலும் அவர் போனது சரிதான். பால் கட்டியாக இருந்தால் நிம்மதியாகப் பிள்ளையைப் பெற்றெடுப்பார். மற்றதாக இருந்தால், ஏழு மாதம் கழித்துத் தொடங்கியிருக்க வேண்டிய சிகிச்சை இப்போதே தொடங்கும். அவருக்காகவும் அவருடைய பிள்ளைக்காகவும் நீங்களும் துஆச் செய்யுங்கள். இன்று குளிக்கும்போது உங்கள் மார்பையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், நீரிழிவோடு சந்திப்போம்.